மோட்டார் வண்டியின் எண்ணெய்த் தொட்டி: கொள்ளளவும் முள்ளின் நிலையும்

கம்பம் பள்ளத்தாக்கில் மோட்டார் வண்டியானது இக்காலத்தில் உல்லாசப் பிரயாணத்துக்குரிய பொருளாக மட்டும் இருக்கவில்லை. முற்காலத்தில் கமலையும் கட்டை வண்டியும் வகித்த ஸ்தானத்தை அது பெற்று, விவசாயக் கருவிகளுள் ஒன்றாகவே ஆகிவிட்டது. அல்லிநகரத்தில் வீடும் ஏலமலையில் தோட்டமும் உடையவர்கள் போடிமெட்டை அடிக்கடி ஏறி இறங்குகின்றனர். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, குமுளி வழியாக மலையாள நாட்டுச் சந்தைகளுக்குச் செல்கிறது. போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் ஏலத்துக்கு மலையிலிருந்து மூட்டைகள் இறங்குகின்றன. இவ்வளவு போக்குவரத்தும் வண்டியின் தொட்டியிலுள்ள எண்ணெயை நம்பியே நடைபெறுவதாகும்.

அவ்வாறிருந்தும், தம் வண்டியின் தொட்டி உண்மையில் எவ்வளவு கொள்ளும், கண்ணெதிரே ஆடும் முள் எதைக் காட்டுகிறது என்பவற்றைச் செவ்வையாக அறிந்தவர்கள் சிலரே. இவ்வறியாமையால் இருவகை நஷ்டங்கள் நேர்கின்றன. ஒன்று, பெட்ரோல் பங்கில் அளவு குறைந்ததென்று ஆதாரமின்றி வழக்காடுவதும், உண்மையாகவே குறைந்தபோது அதைக் கண்டுபிடிக்கும் வழி தெரியாமல் ஏமாறுவதும் ஆகும். மற்றொன்று, மலைப்பாதையின் நடுவில் வண்டி நின்று, திராட்சை போன்ற அழுகும் சரக்கு வெயிலில் கெடுவதும், சில வேளைகளில் உயிருக்கே அபாயம் நேர்வதும் ஆகும். தொட்டியின் கொள்ளளவு என்பது ஒரே எண் அன்று என்பதையும், முள்ளின் நிலை என்பது எண்ணெயின் அளவு அன்று என்பதையும் அறிந்துகொண்டால் இவ்விருவகை நஷ்டங்களையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பெரியாறு அணை காட்டும் பாடம்

இதனை விளங்கிக்கொள்ள இப்பள்ளத்தாக்கின் குடியானவர்களுக்கு அந்நியமான உதாரணம் ஏதும் வேண்டியதில்லை. 1895-ஆம் ஆண்டு முதல் இந்நிலங்களுக்கு நீர் தந்துவரும் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைக் காலைதோறும் பத்திரிகையில் பார்ப்பது அவர்கள் வழக்கம். அவ்வணையின் முழு நீர்மட்டம் 152 அடி. 2014-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடி வரையே நீர் தேக்கலாம். 104 அடிக்குக் கீழுள்ள நீரோ அணையில் கிடந்தாலும் சுரங்க வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் பாயாது. ஆகவே, அணையில் எவ்வளவு நீர் கொள்ளும் என்று ஒருவர் வினவினால், முழுக் கொள்ளளவையா, தேக்க அனுமதிக்கப்பட்ட அளவையா, பாசனத்துக்குக் கிடைக்கும் அளவையா என்று கேட்டறிந்த பின்னரே விடை கூற இயலும்.

மேலும், மேல்மட்டத்தில் ஓர் அடி குறைவதும் கீழ்மட்டத்தில் ஓர் அடி குறைவதும் சமமல்ல. நீர்ப்பரப்பு மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், மேலுள்ள ஓர் அடி பல நாள் பாசனத்துக்கு உதவும். கீழுள்ள ஓர் அடி விரைவில் தீர்ந்துபோகும். ஊர்க் கண்மாயிலும் இதுவே நியதி. மட்டம் வேறு, அளவு வேறு.

மோட்டார் வண்டியின் எண்ணெய்த் தொட்டியும் ஒரு சிறு அணையே. கழுத்து வரை நிரப்பினால் கொள்ளும் அளவு ஒன்று; வண்டியைச் செய்தவர்கள் கையேட்டில் குறித்த அளவு ஒன்று; இஞ்சின் உறிஞ்சிக்கொள்ளத்தக்க அளவு ஒன்று. முள் காட்டும் நிலை இம்மூன்றில் எதுவும் அன்று. அது மட்டத்தை மட்டும் குறிப்பிடும் ஓர் அடையாளம்.

கையேட்டில் குறித்த எண்

காருடன் கொடுக்கப்படும் கையேட்டில் தொட்டியின் கொள்ளளவு குறிக்கப்பட்டிருக்கும். இப்பக்கங்களில் பெரிதும் வழங்கும் வண்டிகளுள் மகிந்திரா பொலீரோவுக்கு 60 லிட்டர் என்றும், மாருதி ஸ்விஃப்ட்டுக்கு 37 லிட்டர் என்றும் காணப்படும். இவ்வெண் தொட்டியின் கழுத்து வரையுள்ள அளவைக் குறிப்பதன்று. கண்மாயில் கலிங்கின் மட்டத்துக்கு மேலும் கரையின் உச்சி வரை வெற்றிடம் விடப்பட்டிருப்பதுபோல, தொட்டியிலும் குறித்த அளவுக்கு மேல் வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஆதலால், கழுத்து வரை நிரப்பினால் கையேட்டு அளவைவிட நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை அதிகம் கொள்வது சாதாரணம். 37 லிட்டர் தொட்டி ஏறத்தாழ 41 அல்லது 42 லிட்டர் வரை கொள்ளக்கூடும். வண்டிக்கு வண்டி இது வேறுபடும்.

இவ்வெற்றிடம் வீணாக விடப்பட்டதன்று. வெப்பம் ஏறினால் எண்ணெய் பெருகும். பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் 40 லிட்டர் பெட்ரோல், சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியில் 15 டிகிரி வெப்பம் ஏறினால், அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகவே பெருகிவிடும். டீசல் பெருகுவது இதைவிடச் சற்றுக் குறைவு. பெருகியதற்கு இடமில்லையெனில் அது வழிந்து வெளிப்படும். அல்லது பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைப்பதற்காக அமைக்கப்பட்டிருக்கும் கரிப்பெட்டியில் புகுந்து அதைக் கெடுக்கும். ஆகவே குழாயின் மூக்கு முதல் தடவை தானாக நின்றவுடன் நிறுத்திவிடுதலே உசிதம். கணக்கை முழு ரூபாயாக்குவதற்கென்று மேலும் மேலும் அழுத்தி ஊற்றுதல் கூடாது. நிரம்பிய தொட்டியுடன் வண்டியைச் சரிவில் வெயிலில் நிறுத்துவதும் நன்றன்று.

பங்கில் எழும் வழக்கு

கையேட்டில் 37 லிட்டர் என்றிருக்க, ரசீதில் 40 லிட்டர் என்று காணும்போது வண்டிக்காரருக்குக் கோபம் எழுவது இயல்பே. இத்தகைய வாதங்கள் நாடெங்கும் நிகழ்கின்றன. ஆனால் மேலே கூறியதை நோக்கினால், அந்த ரசீது ஒன்றைக்கொண்டே மோசடி என்று தீர்மானித்துவிட முடியாது. தலைதட்டி அளந்த மரக்காலுக்கும் குவித்து அளந்த மரக்காலுக்கும் உள்ள வேறுபாடு நெல்லளப்போர் யாவரும் அறிந்ததே. கையேடு கூறுவது தலைதட்டிய அளவு. தொட்டி வாங்கிக்கொண்டதோ குவித்த அளவு.

அதேபோல், குறித்த கொள்ளளவுக்குள் ரசீது அடங்கிவிட்டது என்பதனால் அளவு சரியென்றும் கொள்ளலாகாது. தொட்டி எக்காலத்தும் அளவுபடியாகாது. பங்கின் அளவைப் பரிசோதிக்க உரிய படி, முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரமேயாம். ஒவ்வொரு பங்கிலும் இப்பாத்திரம் இருத்தல் வேண்டும். சந்தேகம் கொண்டவர் எவரும் தம் எதிரில் அதில் 5 லிட்டர் ஊற்றிக் காட்டும்படி கேட்கலாம். அதில் கூடுதலோ குறைவோ 25 மில்லி லிட்டருக்குள் இருந்தால் அனுமதிக்கப்பட்டதாகும். அதற்கு மேல் குறையுமாயின், தொழிலாளர் துறையைச் சேர்ந்த சட்டமுறை எடையளவு அதிகாரிகளிடம் முறையிடலாம். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. பங்கின் அளவு இயந்திரங்கள் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்து முத்திரையிடப்பட வேண்டியவை.

சாதாரணமாக எண்ணெய் ஊற்றும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. இயந்திரத்தின் எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றனவா என்று பார்த்தல், ஊற்றி முடியும்வரை எண்களின்மீதே கண் வைத்தல், அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்குதல் என்பனவே அவை. கூச்சலிட்டு வாதாடுவதைக் காட்டிலும் 5 லிட்டர் பாத்திரத்தைக் கேட்பது பயனுடையது. நேர்மையான பங்க்காரருக்கும் இதனால் மனவருத்தம் இராது.

முள் எவ்வாறு இயங்குகிறது

தொட்டியினுள் எண்ணெயின்மீது ஒரு மிதவை மிதந்துகொண்டிருக்கும். அதனுடன் இணைந்த ஒரு கம்பி, எண்ணெய் ஏற இறங்கத் தானும் ஏறி இறங்கி, மின்சாரத் தடையைக் கூட்டியும் குறைத்தும் முள்ளை அசைக்கிறது. முள்ளுக்குப் பதிலாக வெளிச்சக் கட்டங்கள் அமைந்த வண்டிகளிலும் அடிப்படை இதுவே.

இவ்வமைப்பிலிருந்து சில உண்மைகள் பெறப்படும். மிதவை தொட்டியின் மேற்கூரையைத் தொட்ட பின்னும் சிறிது எண்ணெய் கொள்ளும். ஆகவே நிரப்பிய பிறகு வெகுதூரம் வரை முள் அசையாமல் நிற்கும். இதனைக் கண்டு வண்டி சிக்கனமாக ஓடுகிறது என்று மகிழ்தல் பிழை. தொட்டி, இருக்கைக்கும் சக்கர அச்சுக்கும் நடுவே இடம் பார்த்து அமைக்கப்படுவதால், அதன் வடிவம் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேற்பகுதி அகன்ற தொட்டியில் முதற்பாதி மெதுவாகவும் பிற்பாதி விரைவாகவும் தீர்வதாகத் தோன்றும். முள் வழியெங்கும் நடுங்காதிருக்க அதன் அசைவு மெதுவாக்கப்பட்டுள்ளமையால், எண்ணெய் ஊற்றியவுடனும் மேட்டில் ஏறியவுடனும் அது காட்டுவதை உடனே நம்புதல் கூடாது. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தலே முறை.

எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியபின் எத்தனை லிட்டர் எஞ்சியிருக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தம் வண்டியைக் குறித்துக் கூறும் அனுபவம் இதற்கு உதவாது. புதிய வண்டிகளில், இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண்ணும் உண்டு. அது சற்று முன்னர் ஓடிய ஓட்டத்தின் சராசரியைக்கொண்டு கணக்கிடப்படுவதாகும். தேனியிலிருந்து போடி வரை சமவெளியில் ஓடிய வண்டி மலையடியில் காட்டும் எண், மலையேற்றத்துக்குச் சிறிதும் பொருந்தாது.

மலைப்பாதையில் செலவு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை பாதையின் நீளம் சுமார் 25 கிலோமீட்டர். ஏற்றம் சுமார் 1,000 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 17. சரக்குடன் 2 டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே, இஞ்சினில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 2 லிட்டர் டீசல் வேண்டியிருக்கும். ஆகவே சமவெளியில் 25 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் செலவிடும் வண்டி, இவ்வேற்றத்தில் ஏறக்குறைய 4 லிட்டர் செலவிடும். மைலேஜ் பாதியாகக் குறைந்துவிட்டதே என்று வண்டியைப் பழிக்க வேண்டியதில்லை.

செலவு அதிகரிப்பதோடு, தொட்டியும் சாய்கிறது. எண்ணெய் பின்புறம் திரண்டு, உறிஞ்சும் குழாயின் வாய் முன்புறம் இருக்குமாயின், எண்ணெய் இருந்தும் இஞ்சினுக்குக் கிட்டாமற் போகலாம். இது பழைய குறையே. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் செய்யப்பட்டு உலகெங்கும் பரவிய ஃபோர்டு டி மாடல் காரில் எண்ணெய் மானி கிடையாது. முன் இருக்கையைத் தூக்கி, அடியிலுள்ள தொட்டியில் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய் தானாகவே சரிந்து இஞ்சினுக்கு வரும் அமைப்பாகையால், எண்ணெய் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் அக்காரைப் பின்புறமாகவே ஓட்டி ஏற்றுவதுண்டு. இக்காலத் தொட்டிகளில் தடுப்புத் தகடுகளும் எண்ணெயைத் தேக்கிவைக்கும் சிறு கிண்ணமும் அமைத்து இக்குறையைப் பெரிதும் நீக்கியுள்ளனர். எனினும் முழுவதும் நீங்கிவிட்டதென்று கொள்வதற்கில்லை. போகவர வேண்டிய எண்ணெய் போகக் கால் தொட்டியாவது எஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொண்டே மலையேறுதல் வேண்டும்.

இறங்குகையில் எண்ணெயை மிச்சப்படுத்தக் கருதி, இஞ்சினை நிறுத்தியோ நியூட்ரலில் விட்டோ வண்டியை உருட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது மிகவும் அபாயகரமானது. இஞ்சின் நின்றால் பிரேக்கை மிதிக்கத் துணைபுரியும் சக்தி இரண்டொரு மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இஞ்சினின் பிடிப்பு இல்லாத வண்டி முழுவதும் பிரேக்கையே நம்பி இறங்குவதால் பிரேக் காய்ந்து பிடிக்காமற் போகும். மிச்சமும் அதில் ஒன்றுமில்லை. இக்காலத்து வண்டிகளில், கியரில் வைத்தபடியே காலை எடுத்து இறங்கும்போது இஞ்சினுக்குச் செல்லும் எண்ணெய் தானாகவே நிறுத்தப்படுகிறது. ஏறிய கியரிலேயே இறங்குவது என்னும் பழைய டிரைவர்களின் விதி இன்றும் பொருத்தமானதே.

தொட்டி வறண்டால் நேரும் கேடு

டீசல் வண்டியில் தொட்டி வறண்டால் குழாய்களில் காற்று புகும். பிறகு எண்ணெய் ஊற்றினாலும் உடனே வண்டி கிளம்பாது. காற்றை வெளியேற்றிய பின்னரே கிளம்பும். டிராக்டர் ஓட்டுவோர் இதனை அனுபவத்தில் அறிவர். பெட்ரோல் கார்களில் எண்ணெயைத் தள்ளும் பம்ப், தொட்டியினுள்ளேயே எண்ணெயில் மூழ்கிக் குளிர்ச்சி பெறுவது. தொட்டி எப்போதும் அடிமட்டத்தில் இருப்பின் அது சூடேறி விரைவில் பழுதாகும்.

தண்ணீரும் கேடு செய்யும். பாதிக்குக் குறைந்த தொட்டியின் வெற்றிடத்திலுள்ள ஈரக்காற்று, மலையின் இரவுக் குளிரில் நீர்த்துளிகளாகி எண்ணெயில் விழும். டீசலில் அது அடியில் தங்கும். வடிகட்டியில் சேரும் நீரை அவ்வப்போது வடித்தல் வேண்டும். 2025-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் விற்கப்படும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்துள்ளது. கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் இது, தண்ணீரை இழுக்கும் தன்மையது. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கி இஞ்சினைத் தடுமாறச் செய்யும். அன்றியும், அளவுக்கு அளவு எத்தனாலின் வெப்பசக்தி பெட்ரோலினதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே இக்கலவையில் வெப்பசக்தி ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு குறையும். பழைய கணக்கைக்கொண்டே தூரத்தை மதிப்பிடுவோர் இதனையும் நினைவில் வைத்தல் நலம்.

அளந்தறியும் முறைகள்

டிராக்டர்களிலும் பழைய ஆயில் இஞ்சின்களிலும் தொட்டியின் வாய் நேராக இருப்பின், அளவுக்குச்சி செய்துகொள்ளலாம். தொட்டியைக் காலிசெய்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, 5 லிட்டர் ஊற்றி, சுத்தமான மூங்கில் குச்சியை அடிவரை நேராக விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் கீறலிட வேண்டும். இவ்வாறு ஐந்தைந்து லிட்டராக நிரப்பிக் கீறிக்கொண்டே போனால், கீறல்களின் இடைவெளி சமமாக இராததைக் காணலாம். தொட்டியின் வடிவம் அதனால் தெளிவாகும். அக்குச்சி அந்தத் தொட்டிக்கு மட்டுமே உரியது. எக்காரணத்தைக் கொண்டும் இரவில் தீக்குச்சி கொளுத்தித் தொட்டிக்குள் பார்க்கலாகாது. கார்களின் குழாய் வளைந்து, மூடியடைப்புடன் இருப்பதால், அவற்றில் குச்சி விடுதல் கூடாது.

காருக்கு ஏற்றது நிரப்பி நிரப்பிக் கணக்கிடும் முறை. குழாய் முதல் தடவை நிற்கும்வரை நிரப்பி, கிலோமீட்டர் மானியின் எண்ணைக் குறித்துக்கொள்க. சில நாள் ஓடியபின், கூடியவரையில் அதே பங்கில், அதே நிலையில் நிறுத்தி, மறுபடியும் முதல் தடவை நிற்கும்வரை நிரப்புக. இரண்டாம் முறை ஊற்றிய லிட்டர்களால் ஓடிய தூரத்தை வகுத்தால் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் கிடைக்கும். உதாரணமாக, 420 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் எனில் 15 கிலோமீட்டர். இதில் முள்ளுக்கு யாதொரு வேலையுமில்லை என்பது கவனிக்கத்தக்கது. மூன்று நான்கு முறை இவ்வாறு எழுதி வைத்தால், சமவெளிக்கு ஒன்றும் மலைக்கு ஒன்றுமாக இரு கணக்குகள் கைவரும். ஓட்டம் திடீரெனக் குறைந்தால், எண்ணெய்க் கசிவோ, டயரில் காற்றுக் குறைவோ, வடிகட்டி அடைப்போ உண்டென்பதை அக்கணக்கே முன்கூட்டி அறிவித்துவிடும்.

வயலுக்கு எண்ணெய் கொண்டுபோக நேர்ந்தால், இறுக மூடும் உலோகக் கேன்களையே உபயோகித்தல் வேண்டும். தண்ணீர் பாட்டில்களும் மெல்லிய பிளாஸ்டிக் கேன்களும் தகாதவை. கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்புதல் தீ விபத்தைத் தவிர்க்கும்.

நிறைவாக, ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வண்டியில் வைத்து, கையேட்டில் குறித்த கொள்ளளவு, எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் எஞ்சும் அளவு, சமவெளியிலும் மலையிலும் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் ஆகிய நான்கு எண்களை முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வது சிலாக்கியமாகும். அணையின் மட்டத்தைப் பார்த்து நாற்றங்கால் பாவும் காலத்தை நிர்ணயிக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயப் பெருமக்களுக்கு இக்கணக்கு கடினமானதன்று. அணைக்குக் காட்டும் அதே கவனத்தைத் தம் வண்டியின் தொட்டிக்கும் காட்டுவார்களாயின், பங்கில் வீண் வழக்கும் மலையில் வீண் அபாயமும் நேராமல், விளைந்த சரக்கும் அதனுடன் செல்லும் மனிதரும் உரிய காலத்தில் பத்திரமாகப் போய்ச் சேர்வர்.